மாமா, அந்தக் கிளாஸைக் கொஞ்சம் கீழ வையுங்க

இது ஒரு மாமாவைப் பற்றின கட்டுரை. உங்களுக்கும் ஒருவர் இருப்பார். சுவிஸ், லண்டன், கனடா, பிரான்ஸ் எண்டு நாடு மட்டும் மாறும். ஆடி, ஆவணி வந்தால் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார். ஹயஸ் வேன் ஒன்றை நாள் வாடகைக்குப் பிடிப்பார். சின்னப் பிள்ளைகளுக்குச் சொக்லேற் கொடுப்பார். இரண்டாம் நாள் பின்னேரம் கம்பஸில் படிக்கிற மருமகனுக்குக் கோல் எடுப்பார். "உன்ட கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு வா மனே, இண்டைக்கு மாமாட செலவு."

எனக்கு அந்தக் கோல் போன ஆவணியில் வந்தது. மண்டூர் முருகன் கோயில் தீர்த்தத்துக்கு முதல் நாள். தீர்த்தம் ஆவணிப் பூரணையில். பூரணை என்றால் போயா, நாடு முழுக்கச் சாராயக்கடை பூட்டு. "நாளைக்குக் கடை இல்ல மருமகன், இண்டைக்கே பார்த்திருவம்" என்றார் மாமா. சட்டத்தை மதிக்கிற மனிசன்தான்.

நான் வெல்லாவெளி. படிக்கிறது வந்தாறுமூலையில், கலைப்பீடம். தெரியாதவர்களுக்குச் சொன்னால், வெல்லாவெளி படுவான்கரையில் இருக்கிறது, வாவிக்கு மேற்குப் பக்கம். கம்பஸுக்கு வர முதலில் போரதீவு தாண்டி, பட்டிருப்புப் பாலத்தில் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்கு வரவேணும். அங்கிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ். மட்டக்களப்பிலிருந்து செங்கலடி தாண்டி வந்தாறுமூலைக்கு இன்னொரு பஸ். அதனால் எங்கள் ஊர்ப் பொடியனுகள் கம்பஸ் பக்கத்திலேயே அறை எடுத்து இருப்போம். ஒரு அறையில் நாலு பேர், ஒரு கறிச்சட்டி, ஒரு மோட்டார் சைக்கிள். அதற்கும் பெற்றோல் அடிக்கிறது யார் என்று மாதம் முடிய முதல் சண்டை வரும்.

அப்படி இருக்கிற எங்களை ஏழு பேராக மாமா வேனில் ஏற்றினார். செங்கலடியில் ஒரு பார். பிறகு டவுனுக்குள் ஒன்று. அது சாத்தினதும் கல்லடியில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஹோட்டல். டெவில் கோழி, இறால், கொத்து, சாராயம், பியர், கடைசியில் பேர் சொல்லத் தெரியாத வெளிநாட்டுப் போத்தல் ஒன்று. முழுக் கணக்கும் எழுபத்தோராயிரம் ரூபாய் வந்தது. வேன் வாடகை வேறு. மாமா எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தார். மேசையில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த நாள் நான் வேறொரு கணக்குப் பார்த்தேன். மகாபொல 2025 இல் மாதம் 7,500 ரூபாயாக இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 5,000 இலிருந்து அவ்வளவுக்குக் கூட்டினார்கள். அந்த ஒரு இரவு ஒரு மாணவனுக்கு ஒன்பதரை மாத மகாபொல. எங்கள் அறையின் நாலு பேரும் இரண்டு மாதத்துக்கு மேல் சமாளிக்கிற காசு அது. "அவர் உழைச்ச காசு, அவர் செலவழிக்கிறார், உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரவில் நடந்த ஒரு விசயத்தைச் சொல்லவேணும். அதைச் சொல்லாமல் மாமாவை மட்டும் திட்டினால் நான் கள்ளன்.

ஏழு பேரில் ஒருவன் முதலாம் வருசம். பேர் வேண்டாம், தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரைத் தாண்டி, யானை வருகிற வட்டைக் கரையில் வீடு. அவன் ஓ.எல். படிக்கும்போது தகப்பன் கசிப்புக் குடித்தே ஈரல் பழுதாகிச் செத்துப்போனார். தாய் இடியப்பம் அவித்து விற்றுத்தான் இவனைக் கம்பஸ் மட்டும் கொண்டுவந்து விட்டா. அனுப்புகிற அன்று மண்டூரில் கூட்டிக்கொண்டு போய் வைத்து ஒரே ஒரு சத்தியம் வாங்கினா. என்ன சத்தியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

செங்கலடியில் அவன் சோடா குடித்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. டவுனில் மாமாவின் கண்ணில் பட்டான்.

"என்ன தம்பி, சோடாவா?"

"நான் குடிக்கிறல்ல மாமா."

"ஒரு வாய். மாமா தாற, மரியாதைக்கு."

"வேணா மாமா."

"ஆம்பிளப் புள்ளதானே நீ?"

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒருவன் கிளாஸை எடுத்து அவன் கையில் வைத்து, "மாமாட மனசு நோகும்டா, ஒரு சொட்டு எடு" என்றான். அந்த ஒருவன் நான்.

கல்லடியில் இருந்து திரும்பும்போது வேனை நிறுத்தச் சொல்லி ரோட்டோரத்தில் குந்தியிருந்து சத்தியெடுத்தான். மாமா முன் சீற்றில் நித்திரை. விடிய மண்டூரில் தீர்த்தச் சனத்துக்குள் அவன் தாய் எங்களைக் கண்டு ஓடிவந்தா. கையில் திருநீறு. மகனுக்குப் பூசக் கிட்ட வந்தா. அவன் முகத்தை அங்கால் திருப்பினான். மூச்சு மணக்கும் என்று பயம். தாய்க்கு விளங்கியிருக்குமா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவ எனக்கும் பூசிவிட்டு, "புள்ளய நல்லாப் பார்த்துக்கொள்ளு மனே" என்று சொல்லிவிட்டுப் போனா.

இனி வாதத்துக்கு வருவோம்.

மாமா வாங்கிக்கொடுத்ததைப் பெருந்தன்மை என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அதை வியாபாரம் என்கிறேன். அவர் எழுபத்தோராயிரம் கொடுத்து ஒரு சாமானை வாங்கினார். ஏழு இளம் பொடியனுகள் ஐந்து மணித்தியாலம் தன்னைச் சுற்றி இருந்து, தான் சொன்ன பகிடிக்குச் சிரித்து, தான் சொன்ன அரசியலுக்குத் தலையாட்டவேணும். அதுதான் அந்தச் சாமான். சோடா குடித்தவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். தலையும் ஆட்டினான். பிறகும் ஏன் மாமாவுக்குப் போதவில்லை? வாங்கின சாமானில் ஒரு துண்டு குறைகிற மாதிரி அவருக்குத் தெரிந்தது. மேசையில் குடிக்காத ஒருவன் இருந்தால் அவன்தான் சாட்சி. விடிய எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவன். அதனால்தான் குடிக்கிற கூட்டம் குடிக்காதவனைச் சும்மா விடுகிறதில்லை.

நிசமாக உதவுகிற எண்ணம் என்றால் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும். "என்னடா மனே, என்ன தேவை?" என்று அவர் ஒருக்காலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். இரண்டு பேருக்கு லப்டொப் இல்லை, அசைன்மெண்டை ஃபோனில் தட்டி எழுதுகிறார்கள். ஒருவனுக்குக் கண்ணாடி மாற்றவேணும். ஊர் வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்க என்று போன வருசம் அவரிடமே கேட்டிருந்தோம், "பார்ப்பம்" என்றார். புத்தகம் வாங்கிக்கொடுத்தால் அது வாசிகசாலையில் பேசாமல் கிடக்கும். சாராயம் வாங்கிக்கொடுத்தால் கை தட்டு உடனே கிடைக்கும்.

ஆனால் மாமாவை நான் முழுக்கக் கெட்டவராக எழுத மாட்டேன், அது பொய். கல்லடியில் கடைசிக் கிளாஸில் அவர் சொன்னது ஒன்று இருக்கு. அவரும் எங்கள் கம்பஸ்தான். 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமான இடம். அவர் 1989 இல் உள்ளே வந்தவர். அடுத்த வருசம் ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. கம்பஸ் அகதி முகாமானது. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி அந்த முகாமில் இருந்து இராணுவம் கூட்டிக்கொண்டு போன 158 பேர் திரும்பி வரவே இல்லை. மாமா அதற்கு முதலே ஊரை விட்டு வெளிக்கிட்டிருந்தார். பட்டம் முடிக்கவில்லை. சூரிச்சில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சட்டி கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறார்.

"எங்கட காலத்தில நாங்க குடிச்சும் படிச்சம், கூத்தும் அடிச்சம்" என்று அன்றிரவு முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்தவர் அவர்தான். எந்தக் காலத்தில் மாமா? ஊரடங்குச் சட்டமும் சுற்றிவளைப்பும் இருந்த காலத்தில் இரவு ஒன்பது மணிக்குச் செங்கலடிச் சந்தியில் எந்தப் பொடியன் நின்றான்? பொழுதுபட்டால் வீட்டுக்குள் விளக்கைக் குறைத்துவைத்த காலம் என்று என் அம்மம்மா சொல்கிறா. கல்லடிக் கடற்கரையில் பாட்டுப் போட்டுக் குடித்த இருபது வயது அவருக்குக் கிடைக்கவே இல்லை. கிடைக்காத ஒன்றைத்தான் இப்போது ஐம்பத்தேழு வயதில் வந்து, எங்கள் இருபது வயதை வாடகைக்கு எடுத்து, அனுபவிக்கப் பார்க்கிறார்.

அவருக்கு நடந்தது அநியாயம். அதை யாரும் மறுக்க முடியாது. எனக்கு அவர்மேல் வருகிற இரக்கமும் உண்மையானது. ஆனால் அந்த அநியாயத்துக்கான நட்டஈட்டைத் தம்பி ஏன் கட்டவேணும்? அவன் தாயின் சத்தியத்தை விற்று ஏன் கட்டவேணும்? மாமாவின் இளமையை எடுத்தது யுத்தம். யுத்தத்திடம் கேட்க முடியாததை எங்களிடம் கேட்கிறார்.

அவர் 1990 ஐப் பற்றிச் சொன்ன அந்தப் பத்து நிமிடம்தான் அந்த இரவில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விசயம். எங்கள் கம்பஸின் மண்ணில் என்ன நடந்தது என்பதை அதற்கு முதல் என்னிடம் ஒருவர் நேரில் இருந்து சொன்னதில்லை. அதையும் ஏழு பேரில் மூன்று பேர்தான் கேட்டோம். மற்றவர்கள் விழுந்துகிடந்தார்கள். பிளேன்டீ குடித்துக்கொண்டு கடற்கரை மணலில் இருந்து கேட்டிருக்கவேண்டிய கதை அது.

இப்போது எதிர்வாதங்கள்.

"நீங்கள் என்ன பால்குடிப் பிள்ளைகளா? வயது வந்தவர்கள். யாரும் வாய்க்குள் ஊற்றவில்லையே" என்று ஒரு கூட்டம் சொல்லும். சட்டத்தில் இருந்தே தொடங்குவோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சாராயம் விற்கமுடியாது. தம்பிக்கு அன்றைக்கு இருபதரை. மூன்று இடத்திலும் ஐ.சி.யைக் காட்டு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாமாவோடு வந்தவன் என்றால் அது போதும்.

அதே சட்டம்தான் சாராய விளம்பரத்தையும் தடை செய்தது. பேப்பரிலும் டீவியிலும் ரோட்டோரப் பலகையிலும் சாராயக் கம்பனி தன் சாமானை நல்லது என்று சொல்லமுடியாது. சொல்லத் தேவையும் இல்லை. அந்த வேலையை மாமாக்கள் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். "இது எக்ஸ்ட்ரா ஸ்பெஷல், இதை ஐஸ் போட்டுக் குடிக்கவேணும், இதுக்கு இறால்தான் சரி" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த விளம்பரத்தாலும் "ஆம்பிளப் புள்ளதானே நீ?" என்று ஒரு பொடியனின் முகத்துக்கு நேரே கேட்க முடியாது. மாமாவால் முடியும்.

வயது வந்தவர் தானாகத் தெரிவு செய்கிறார் என்ற கதைக்கு ஒரு நிபந்தனை இருக்கு. வேண்டாம் என்று சொன்னால் விடவேணும். "வேணா" என்று தம்பி எத்தனை தரம் சொன்னான் என்று நான் எண்ணினேன். நாலு தரம். நாலு தரம் சொன்ன பிறகும் கிளாஸ் கைக்கு வருகிறது என்றால் அது அவன் தெரிவா, எங்கள் தெரிவா?

அடுத்த கூட்டம் எங்கள் ஆட்கள்தான், கொஞ்சம் வாசித்தவர்கள். "ஒழுக்கம் போதிக்காத மச்சான், இது சுதந்திரம்" என்பார்கள். சரி, யாருடைய சுதந்திரம்? எங்கள் பட்ச்சில் பெண் பிள்ளைகள்தான் கூட. அந்த வேனில் ஒருத்தியாவது இருந்தாளா? 1979 இல் கொண்டுவந்த ஒரு அறிவித்தல்படி இந்த நாட்டில் பெண்களுக்குச் சாராயம் விற்கவே கூடாது என்று இருந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார். ஒரு கிழமை போக முதல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டு அந்த மாற்றத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னார். ஆம்பிளைகள் குடித்தால் நாட்டின் வருமானம், பொம்பிளைகள் வாங்கினால் கலாசாரச் சீரழிவு. பெண்களும் வந்து குடிக்கவேணும் என்று நான் கேட்கவில்லை. பட்ச்சின் பெரிய பாதி கால் வைக்கமுடியாத இடத்துக்குச் சுதந்திரம் என்று பேர் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். சுதந்திரம் என்ற சொல்லைப் பாருக்குள் பாவிக்கிற அதே பொடியனுகள், எட்டு மணிக்கு ஒரு பட்ச்மேட் கிளாஸ் முடிந்து தனியே நடந்து போனால் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

அந்த இரவின் செலவைக் கடைசியில் பெண்கள்தான் கட்டுகிறார்கள் என்பதையும் மறக்கவேண்டாம். தம்பியின் தகப்பன் குடித்தார், தாய் இடியப்பம் அவிக்கிறா. படுவான்கரையில் எத்தனை வீட்டில் இதே கணக்கு நடக்கிறது. ஆம்பிளையின் நாள் கூலி தவறணையில் முடிய, நுண்கடன் கம்பனிக்காரன் கிழமைக்கொருக்கா வந்து முற்றத்தில் நிற்பது வீட்டுப் பொம்பிளையைத் தேடித்தான்.

மூன்றாவது கூட்டம் எனக்கு ஆதரவாகக் கை தட்ட வருகிறவர்கள். அவர்களைத்தான் நான் கூடப் பயப்படுகிறேன். "நல்லாச் சொன்னாய் தம்பி, கம்பஸ் பொடியனுகள் கெட்டுப்போட்டானுகள், மட்டக்களப்பே குடிகார மாவட்டமாப் போச்சு" என்பார்கள். மேடையில் இதைச் சொல்லாத பிரமுகர் இல்லை. ஐயா, கொஞ்சம் நில்லுங்க. எங்களைப் பார்த்து விரலை நீட்ட முதல் கடைக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது யார் என்று பாருங்க.

2024 டிசம்பரில் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் வைத்தது. அந்த ஒரு வருசத்தில் மட்டும் நாடு முழுக்க முந்நூறுக்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. வடக்குக்கும் கிழக்குக்கும் அதில் பங்கு இருந்தது. அது தேர்தல் வருசம். பரிந்துரைக் கடிதம் யார் கொடுத்தது என்று தமிழ் அரசியல்வாதிகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட நாட்கள் அவை. மதுவரித் திணைக்களத்தின் வருமானம் அதே 2024 இல் 200 பில்லியன் ரூபாயைத் தாண்டியது. பொருளாதாரம் விழுந்த நாட்டில் அரசாங்கத்துக்கு அந்தக் காசு கட்டாயம் தேவை. ஒரு பக்கம் போதை ஒழிப்பு வாரம், மறுபக்கம் இந்த வருச இலக்கை எட்டிவிட்டோம் என்று செய்தி. இரண்டும் ஒரே அரசாங்கம்தான்.

2017 ஐ ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். கல்குடாவில், எங்கள் கம்பஸில் இருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில், எத்தனால் தொழிற்சாலை ஒன்று எழும்பியது. சனம் ரோட்டில் இறங்கியது. செய்தி எடுக்கப்போன தமிழ் ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். வேலைவாய்ப்பு வரும் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். ஒரு மாவட்டத்துக்கு வருகிற பெரிய முதலீடு ஏன் சாராயத்துக்கு மூலப்பொருளாக வரவேணும் என்ற கேள்விக்கு மட்டும் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

இதில் கசிப்புக்காரனுக்கும் பார்க்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்க. படுவான்கரைப் பற்றைக்குள் இரண்டு கேன் கசிப்பு வடித்தவனைப் பொலிஸ் பிடித்தால் அடுத்த நாள் படத்தோடு செய்தி வரும். அவனைப் பிடிக்கவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், தம்பியின் தகப்பனைக் கொன்றது அதுதான். ஆனால் ஒரு போத்தல் சாராயம் மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய பிறகு கூலிக்காரன் எங்கே போவான்? வரியைக் கூட்டினால் குடி குறையும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த உண்மைதான். எங்கள் பக்கத்தில் அந்த உண்மையின் பின்வாசலில் கசிப்புக் கேன் இருக்கிறது. வரி கூடுகிற அன்றைக்கே அந்தப் பின்வாசலையும் பூட்டவேணும். வேலை, சிகிச்சை, மனசு விட்டுக் கதைக்க ஓர் ஆள், இவை இல்லாமல் அது பூட்டுப்படாது.

நூறு வருசத்துக்கு முதல் எங்கள் ஆட்கள் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். 1912 இல் பிரிட்டிஷ் அரசாங்கம் புது மதுவரிச் சட்டத்தோடு ஊரூராகத் தவறணை திறக்கப் புறப்பட்டபோது இலங்கை முழுக்க மதுவிலக்கு இயக்கம் எழும்பியது. அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியில், ஊர்ச்சனமே வாக்குப்போட்டுத் தங்கள் ஊர்த் தவறணையை மூடுகிற முறை பிறகு வந்தது. அப்படி மூடின தவறணைகள் வடக்கிலும் இருந்தன. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஊரிடம் கேட்டார்கள். இப்போது வெல்லாவெளியில் ஒரு புது பார் வரப்போகிறது என்றால் எனக்கோ, தம்பியின் தாய்க்கோ அது எப்போது தெரியவரும்? பலகை தொங்கின பிறகுதான்.

அதனால் மேடைப் பிரமுகர்களே, எங்கள் ஒழுக்கத்தைப் பற்றிக் கதைக்க முதல் அந்தக் கடிதங்களைப் பற்றிக் கதையுங்க. புது அனுமதிப்பத்திரம் எதுவானாலும் அந்தப் பிரதேச மக்களிடம் கேட்காமல் கொடுக்க முடியாது என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவாங்க. அன்றைக்கு உங்கள் உபதேசத்தை நாங்கள் முன்வரிசையில் இருந்து கேட்கிறோம்.

ஆனால் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி நான் தப்பவும் முடியாது. அமைச்சர் வந்து தம்பியின் கையில் கிளாஸை வைக்கவில்லை. மதுவரித் திணைக்களமும் வைக்கவில்லை. நான் வைத்தேன். மாமாவின் மனசு நோகக்கூடாது என்று வைத்தேன். மாமா கொடுக்கிறது நின்றுபோகும் என்ற பயமும் அதற்குள் இருந்தது என்று இப்போது விளங்குகிறது. போன வருசம் அவர்தான் எனக்கு ஃபோன் வாங்கித் தந்தவர். ஒருவருடைய கையால் வாங்கினால் அவர் முன்னால் வாய் எப்படிச் சின்னதாகிப் போகும் என்பதைக் கலைப்பீடத்தில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறோம். மேசையில் இருந்தபோது ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை.

எனக்கு வேண்டியது மதுவிலக்கு இல்லை. என் அறையில் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் என் கூட்டாளிகள்தான். நான் கேட்பது மிகச் சின்ன விசயம்.

வெளிநாட்டில் இருந்து வருகிற மாமாக்கள், சித்தப்பாக்கள், அண்ணன்மாரே. வாங்க. உங்களைக் காண எங்களுக்கு உண்மையாகவே சந்தோசம். கம்பஸுக்குள் வந்து நீங்கள் இருந்த விடுதி, நடந்த பாதை எல்லாம் காட்டுங்க. 1990 ஐச் சொல்லுங்க, நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கொத்து வாங்கித் தாங்க, வயிறு முட்டச் சாப்பிடுகிறோம். உங்களுக்குக் குடிக்கவேணும் என்றால் உங்கள் வயதுக் கூட்டாளிகளோடு குடியுங்க, அவர்களும் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு உங்களால் ஏன் இருக்க முடியவில்லை என்று ஒருக்கால் யோசித்தும் பாருங்க. அவர்கள் யுத்தத்துக்குள் இங்கேயே நின்றவர்கள். உங்கள் பகிடிக்குச் சும்மா சிரிக்க மாட்டார்கள்.

கம்பஸ் கூட்டாளிமாருக்கு ஒரே ஒரு விதி. ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் அவன் கிளாஸில் மற்றவன் கை வைக்கக்கூடாது. காரணம் கேட்கக்கூடாது. "ஏன்டா, சாமி கும்புடுறியா, மருந்து குடிக்கிறியா" என்ற பகிடியும் வேண்டாம். காரணம் கேட்டால் அவன் தகப்பனைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். அதை ஏன் ஒரு பார் மேசையில் வைத்துச் சொல்லவேணும்? மாமா வற்புறுத்தினால் மேசையில் மூத்தவன் வாயைத் திறக்கவேணும். "அவன விடுங்க மாமா." மூன்று சொல். அன்றைக்கு மூத்தவன் நான். அந்த மூன்று சொல் என் வாயில் வரவில்லை.

தம்பி என்னோடு இப்போதும் கதைக்கிறான். நோட்ஸ் கேட்டு அறைக்கு வருவான், நான் சமைத்த கறியைப் பழுது என்று சொல்லிச் சொல்லியே சாப்பிடுவான். அந்த இரவைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் கதைப்பதில்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் அவனிடம்தான் வாசிக்கக் கொடுத்தேன். "அம்மா திருநீறு பூச வந்தத வெட்டாத, அது இருக்கட்டும்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

மாமா இந்த ஆவணியிலும் வருகிறார். டிக்கற் போட்டாயிற்று என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். "எல்லாப் பொடியனுகளையும் றெடியா வை மருமகன்" என்று கீழே ஒரு வரி. நான் இன்னும் பதில் போடவில்லை. இந்தக் கட்டுரையைத்தான் அனுப்பப்போகிறேன். கோவிப்பார். அம்மாவுக்குக் கோல் எடுத்து, "உன்ட மகன் பெரிய ஆளாகிற்றான்" என்பார். ஃபோனைத் திருப்பித் தா என்று கேட்டாலும் கேட்பார், கேட்டால் கொடுத்துவிடலாம். வருகிற அன்றைக்குக் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் நானும் தம்பியும் போய் நிற்போம். பட்டிருப்புப் பாலத்தடியில் பிளேன்டீ குடித்துவிட்டு, அவர் பாதியில் விட்டுப்போன கம்பஸை இந்த முறை பகலில் சுற்றிப்பார்ப்போம். செலவு எங்களுடையது.